சிகாகோ மேயர் தேர்தல்: கட்சி இல்லாத வாக்குச்சீட்டும் இரண்டாம் சுற்றின் கணக்கும்

2023 பிப்ரவரி 28 இரவு சிகாகோவில் ஓட்டு எண்ணியபோது பால் வாலஸ் முதலிடத்தில் இருந்தார். ஒன்பது பேர் நின்ற மேயர் தேர்தலில் அவருக்கு 33 சதவீதம். இரண்டாவதாக வந்த பிராண்டன் ஜான்சனுக்கு 22 சதவீதம்கூட முழுதாக வரவில்லை. பதவியில் இருந்த மேயர் லோரி லைட்ஃபுட் 17 சதவீதத்தோடு மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு அன்றிரவே தோல்வியை ஒப்புக்கொண்டார். அதிக ஓட்டு வாங்கியவருக்கே நாற்காலி என்ற கணக்கில் பார்த்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஐந்து வாரம் கழித்து, ஏப்ரல் 4 அன்று, முதல் இருவர் மட்டும் மோதியபோது ஜான்சனுக்கு 52 சதவீதம், வாலஸுக்கு 48. பதினோரு புள்ளி பின்னால் இருந்தவர் நான்கு புள்ளி முன்னால் வந்துவிட்டார்.

இந்தத் திருப்பத்துக்கு ஜான்சனின் பிரச்சாரம் ஒரு காரணம். தேர்தல் விதி அதைவிடப் பெரிய காரணம். அந்த விதிக்கு ஒரு கசப்பான பூர்வீகம் உண்டு: கறுப்பின மக்களின் ஆதரவோடு ஒருவர் மேயர் ஆவது இனி எளிதில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இது கொண்டுவரப்பட்டது என்று நகரின் தெற்குப் பகுதி அரசியல் வட்டாரங்களில் வெகுகாலமாகப் பேச்சு. அதே விதிதான் ஜான்சனைக் கரைசேர்த்தது. எப்படி என்று பார்க்க வேண்டுமானால் நாற்பது ஆண்டு பின்னால் போக வேண்டும்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் மேயர் தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, பிப்ரவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை நடக்கும். வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் மட்டும் இருக்கும். கட்சிப் பெயர் இருக்காது. கட்சிகள் தனியாக உள்தேர்தல் வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்பதும் கிடையாது. பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால் அன்றே மேயர். யாருக்கும் பாதி வராவிட்டால் முதல் இரண்டு இடத்தில் வந்தவர்களுக்குள் ஏப்ரல் முதல் செவ்வாயன்று இரண்டாம் சுற்று. நகரின் 50 வார்டுகளுக்கும், அதாவது அங்கே ஆல்டர்மேன் என்று அழைக்கப்படும் கவுன்சிலர்களுக்கும், இதே முறைதான். 2023-ல் மேயரோடு சேர்த்து 14 வார்டுகளும் இரண்டாம் சுற்றுக்குப் போயின.

இந்த ஊர் அரசியலின் ருசி தெரிய வேண்டுமானால் வேட்புமனுவைப் பார்க்க வேண்டும். டெபாசிட் கட்டும் வழக்கம் இல்லை. மேயர் பதவிக்கு நிற்க 12,500 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். செல்லாதவை கழியும் என்பதால் எல்லோரும் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வாங்கிக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். தாள்களுக்கு வரிசையாக எண் போட்டிருக்க வேண்டும், கையெழுத்து வாங்கியவரின் உறுதிமொழி ஒவ்வொரு தாளின் அடியிலும் இருக்க வேண்டும். அடுத்து எதிராளியின் வழக்கறிஞர்கள் வந்து உட்கார்ந்து, வரி வரியாக, இந்தக் கையெழுத்து வாக்காளர் பதிவேட்டில் உள்ளதோடு பொருந்துகிறதா, இந்த ஆள் இந்த முகவரியில்தான் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். களத்தில் இறங்கும் முன்பே எதிராளியைச் சீட்டிலிருந்து தூக்கிவிடுவது இங்கே ஒரு கலை. பராக் ஒபாமாவே 1996-ல் தன் முதல் தேர்தலில், மாநில செனட் தொகுதியில், எதிர்த்தவர்களின் கையெழுத்துகளைக் கேள்வி கேட்டு அத்தனை பேரையும் வெளியேற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். இதை ஊரில் யாரும் அவருக்கு எதிராகப் பெரிதாகச் சொல்வதில்லை. சிகாகோக்காரர் என்றால் அது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

இனி பழைய கதை. 1955 முதல் 1976-ல் இறக்கும் வரை ரிச்சர்ட் ஜே. டேலி மேயராக இருந்தார். வார்டு வார்டாக வேலை கொடுத்து ஓட்டு வாங்கும் டெமாக்ரடிக் கட்சி இயந்திரம் அவர் கையில். குடியரசுக் கட்சி பெயருக்குத்தான் இருந்தது. ஆகவே டெமாக்ரடிக் கட்சியின் உள்தேர்தலில் ஜெயித்தவரே மேயர் என்பது எழுதப்படாத சட்டம். உள்தேர்தலில் பாதி வேண்டும் என்றும் இல்லை. முதலில் வந்தால் போதும்.

டேலிக்குப் பின் வந்த மைக்கேல் பிலாண்டிக்கைக் கவிழ்த்தது பனி. 1979 ஜனவரியில் கொட்டிய பனியை நகர நிர்வாகத்தால் அள்ள முடியவில்லை; போதாக்குறைக்கு ரயில்கள் கறுப்பின மக்கள் வசிக்கும் பகுதி நிலையங்களில் நிற்காமல் போயின. பிப்ரவரியில் ஓட்டு. ஜேன் பர்ன் ஜெயித்தார். பிப்ரவரியில் தேர்தல் வைத்தால் அதில் பனிக்கும் ஓர் ஓட்டு உண்டு.

1983-ல் பர்ன் மறுபடி நின்றார். பழைய மேயரின் மகன் ரிச்சர்ட் எம். டேலியும் நின்றார். மூன்றாவதாக, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஹரால்ட் வாஷிங்டன். பர்ன், டேலி இருவரும் வெள்ளையர், வாஷிங்டன் கறுப்பினத்தவர். கறுப்பின வார்டுகள் அதுவரை காணாத அளவில் திரண்டன. முடிவு: வாஷிங்டன் சுமார் 36 சதவீதம், பர்ன் 34, டேலி 30. வெள்ளையர் ஓட்டு இரண்டாகப் பிரிந்ததால் வாஷிங்டன் உள்ளே வந்துவிட்டார் என்பதே மறுநாள் நகரெங்கும் பேச்சு.

எழுதப்படாத சட்டம் அந்த வருஷம் செல்லாமல் போயிற்று. பல தலைமுறையாக டெமாக்ரடிக் கட்சிக்கே ஓட்டுப் போட்ட வெள்ளையர் வார்டுகள் ஏப்ரல் பொதுத்தேர்தலில் பெர்னார்ட் எப்டன் என்ற குடியரசுக் கட்சிக்காரர் பக்கம் சாய்ந்தன. காலம் கடந்துவிடும் முன் விழித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் அவர் பக்கம் ஓடிய விளம்பர வாசகம் எதைக் குறிக்கிறது என்று யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை. வாக்குப்பதிவு 80 சதவீதத்தைத் தாண்டியது. வாஷிங்டன் 52-48 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தார். நகரமன்றத்தில் எட்வர்ட் வெர்டோலியாக், எட்வர்ட் பர்க் இருவர் தலைமையில் 29 கவுன்சிலர்கள் ஓரணியாகி, அவரது 21 பேரை மூன்று ஆண்டு அசையவிடாமல் செய்தார்கள். பர்க் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறார்.

இரண்டாம் சுற்று யோசனை இந்தப் பின்னணியில்தான் பிறந்தது. 1986-ல் டேலி ஆதரவாளர்கள், மேயர் தேர்தலில் கட்சியை எடுத்துவிட்டு, பாதிக்கு மேல் வாங்கினால்தான் வெற்றி என்று மாற்ற மக்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். இதை மக்கள் வாக்கெடுப்புக்கு விட வேண்டும். மாநிலச் சட்டப்படி ஒரே சீட்டில் இப்படிப்பட்ட கேள்விகள் மூன்றுக்கு மேல் வைக்க முடியாது. வாஷிங்டன் தரப்பு நகரமன்றத்தின் வழியாக வேறு மூன்று கேள்விகளை முன்கூட்டியே நுழைத்து இடத்தை அடைத்துவிட்டது. விதியை விதியாலேயே அடித்த இந்த வித்தைக்காகவே சிகாகோ அரசியலைப் படிக்கலாம்.

ஆனால் ஒரு கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. 1983-ல் இரண்டாம் சுற்று இருந்திருந்தால் வாஷிங்டன் தோற்றிருப்பாரா? தோற்றிருப்பார் என்பதைத்தான் இரு தரப்பும் வைத்துக்கொண்டு சண்டை போட்டன. நடந்ததைப் பார்த்தால் அது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை. அந்த ஏப்ரல் பொதுத்தேர்தலே ஏறக்குறைய ஒரு நேருக்கு நேர் மோதல்தான், அதில் ஜெயித்தார். 1987 உள்தேர்தலில் ஜேன் பர்னோடு மீண்டும் மோதினார். அதிலும் 53 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். ஓட்டுப் பிரிந்ததால் மட்டும் வந்தவர் என்ற பேச்சை அந்த இரண்டு எண்களும் தாங்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 25 அன்று, அலுவலக மேசையிலேயே மாரடைப்பு வந்து அவர் இறந்தார். அடுத்த மேயராக யூஜின் சாயரை நகரமன்றம் தேர்ந்தெடுத்தது. 1989 சிறப்புத் தேர்தலில் மகன் டேலி அவரைத் தோற்கடித்து, 22 ஆண்டு நாற்காலியை விடவில்லை.

1986-ல் மக்கள் வழியாக முடியாததை 1995-ல் மாநிலச் சட்டமன்றம் செய்தது. அப்போது இல்லினாய் மாநிலத்தில் இரு அவைகளும் ஆளுநர் பதவியும் குடியரசுக் கட்சி வசம். சிகாகோவில் வேரில்லாத கட்சி, அந்த நகரத்தின் தேர்தலைக் கட்சியில்லாததாக மாற்றியது. கறுப்பினத் தலைவர்கள் இதை 1983 மறுபடி நடக்காமல் இருக்க டேலிக்குப் போட்ட வேலி என்றார்கள். டேலிக்கு அந்த வேலி தேவைப்படவே இல்லை என்பது வேறு விஷயம். புதிய முறையில் நடந்த முதல் தேர்தல் 1999-ல். பாபி ரஷ் என்ற கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினரை எதிர்த்து டேலி 70 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். 2003, 2007 தேர்தல்களிலும் அப்படியே. இரண்டாம் சுற்று பல ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் தூங்கியது.

அதே 1995-ல் அதே சட்டமன்றம் இன்னொன்றும் செய்தது. சிகாகோவின் பொதுப் பள்ளிகளை மேயரின் நேரடிக் கட்டுப்பாட்டில் கொடுத்து, ஆசிரியர் சங்கம் எதைப் பற்றியெல்லாம் பேரம் பேசலாம் என்பதையும் சுருக்கியது. பள்ளிகளுக்குத் தலைமை நிர்வாகியாக டேலி நியமித்தது தன் பட்ஜெட் இயக்குநராக இருந்த ஒருவரை. அவர்தான் பால் வாலஸ். அந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்துப் பிற்காலத்தில் போர்க்குணம் கொண்டெழுந்த ஆசிரியர் சங்கத்தின் அமைப்பாளராக வேலை பார்த்தவர் பிராண்டன் ஜான்சன். இரண்டாம் சுற்று விதி, வாலஸின் வளர்ச்சி, சங்கத்தின் கோபம் மூன்றும் ஒரே வருஷத்துச் சட்டங்களில் போய் முட்டுகின்றன. 2023 தேர்தலை எழுதியவர்கள் பலர் இதைக் கவனிக்காமல் விட்டது எனக்கு வியப்பு.

தூங்கிய விதி விழித்தது 2015-ல். 2011-ல் ராம் இமானுவேல் முதல் சுற்றிலேயே 55 சதவீதம் வாங்கி வந்தவர். தலைநகர் வாஷிங்டனில் ஒபாமாவின் அலுவலகத்தில் இருந்ததால் சிகாகோவாசியே இல்லை என்று அவரை மேல்முறையீட்டு நீதிமன்றம் சீட்டிலிருந்து நீக்க, மாநில உச்ச நீதிமன்றம் மறுபடி சேர்த்தது தனிக்கதை. பதவிக்கு வந்து ஒரு ஆசிரியர் வேலைநிறுத்தத்தைச் சந்தித்து, மறுவருஷமே சுமார் 50 பள்ளிகளை மூடினார். மூடியவை பெரும்பாலும் கறுப்பின வார்டுகளில். ஆசிரியர் சங்கத் தலைவர் கேரன் லூயிஸ் அவரை எதிர்த்து நிற்கத் தயாரானார். மூளையில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டதால் விலகி, ஹெசூஸ் 'சூய்' கார்சியாவை முன்னிறுத்தினார். கைவசம் கோடிக்கணக்கில் பணம் வைத்திருந்த மேயர் 46 சதவீதத்தில் நின்றுபோனார். சிகாகோ வரலாற்றிலேயே முதல் மேயர் இரண்டாம் சுற்று அது. ஏப்ரலில் இமானுவேல் 56-44 என்று ஜெயித்தார். பள்ளி மூடப்பட்ட கறுப்பின வார்டுகளில் பலவும் அவருக்கே போட்டன. லத்தீன் வேட்பாளர், கறுப்பினச் சங்கத் தலைவரின் ஆசி, முற்போக்கு வெள்ளையர் ஆதரவு எல்லாம் சேர்ந்தால் கூட்டணி தானாக அமைந்துவிடும் என்ற கணக்கு அங்கே பொய்த்தது.

2019 தேர்தலைத்தான் இந்த முறையின் பலவீனத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். லாக்வான் மெக்டொனால்ட் என்ற கறுப்பினச் சிறுவனைக் காவலர் சுட்டுக் கொன்ற வீடியோ 2015 நவம்பரில் வெளியான பிறகு இமானுவேலின் செல்வாக்கு மீளவே இல்லை. மூன்றாம் முறை நிற்கவில்லை. காலியான இடத்துக்கு 14 பேர் வந்தார்கள். இதற்கிடையில் ஐம்பது ஆண்டாக ஆல்டர்மேனாக இருந்த எட்வர்ட் பர்க்கின் அலுவலகத்தில் மத்தியப் புலனாய்வுத் துறை புகுந்தது. உணவகம் ஒன்றின் கட்டட அனுமதிக்குக் கைமாறாகத் தன் சட்ட அலுவலகத்துக்கு வேலை கேட்டு நெருக்கினார் என்று வழக்கு. முன்னணியில் இருந்த பலருக்கும் பர்க்கோடு ஏதோ ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. இல்லாதவர், இதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நிற்காத முன்னாள் அரசு வழக்கறிஞர் லோரி லைட்ஃபுட். அவருக்குக் கிடைத்தது 17.5 சதவீதம். டோனி பிரெக்விங்கிளுக்கு 16. மூன்றாவதாக வந்த இன்னொரு டேலிக்கு, பில் டேலிக்கு, 15 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் மூன்று பேரையும் பிரித்தது மூன்று புள்ளிக்கும் குறைவான தூரம்.

ஐந்தில் ஒருவர்கூட முழுதாகச் சேராத ஆதரவோடு இரண்டாம் சுற்றுக்கு வந்த லைட்ஃபுட், ஏப்ரலில் 74 சதவீதம் வாங்கி, ஐம்பது வார்டுகளையும் அள்ளினார். சிகாகோவின் முதல் கறுப்பினப் பெண் மேயர், வெளிப்படையாகத் தன்பாலின ஈர்ப்பாளராக வாழும் முதல் மேயர். நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. ஆனால் அந்த 74-ல் அவருடையது எவ்வளவு? பிரெக்விங்கிள் அப்போது கவுண்டி (மாவட்ட) டெமாக்ரடிக் கட்சியின் தலைவர். பழைய இயந்திரத்தின் முகம் என்று அவரைக் கண்டவர்கள் எல்லோரும் எதிரே இருந்த ஒரே பெயருக்குப் போட்டார்கள். வாக்குப்பதிவும் முதல் சுற்றைவிடக் குறைந்து 33 சதவீதத்தில் நின்றது. நான்கு ஆண்டு கழித்து, பெருந்தொற்று, 2021-ல் ஏறத்தாழ 800 கொலைகள், ஆசிரியர் சங்கத்தோடும் காவலர் சங்கத்தோடும் ஒரே நேரத்தில் சண்டை எல்லாம் முடிந்து மறுபடி நின்றபோது அவருக்குக் கிடைத்தது 16.8 சதவீதம். முதல் தடவை முதல் சுற்றில் வாங்கியதும் ஏறக்குறைய அதுதான், ஒரு புள்ளி அளவுகூட மாறவில்லை. நடுவில் வந்த 74, வட்டிக்கு வாங்கிப் போட்ட நகை.

இரண்டாம் சுற்றை ஆதரிப்பவர்கள், ஜெயிப்பவருக்குப் பெரும்பான்மை மக்களின் ஆதரவு உறுதியாகிறது என்பார்கள். லைட்ஃபுட்டின் எண்களை வைத்துப் பார்த்தால் அது பாதி உண்மை. பெரும்பான்மை உருவாகிறது; அது யாருக்கு ஆதரவான பெரும்பான்மை, யாருக்கு எதிரான பெரும்பான்மை என்பதை அந்த எண் சொல்வதில்லை.

2023-க்கு வருவோம். வாலஸ் 2019-லும் நின்றவர். அப்போது ஐந்தரை சதவீதம்கூட இல்லை. இந்தத் தடவை களத்தில் இருந்த ஒன்பது பேரில் அவர் ஒருவர்தான் வெள்ளையர், ஏழு பேர் கறுப்பினத்தவர், கார்சியா லத்தீன் சமூகத்தவர். 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி சிகாகோவில் வெள்ளையர் 31 சதவீதம், லத்தீன் சமூகத்தவர் 30, கறுப்பினத்தவர் 29. இந்தக் கணக்கில், 1983-ல் பர்னும் டேலியும் ஓட்டைப் பிரித்துக்கொண்ட கதை அப்படியே கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியது. கறுப்பின வார்டுகளின் ஓட்டு லைட்ஃபுட், ஜான்சன், வில்லி வில்சன் என்று சிதறியது. (வில்சன் தொழிலதிபர், பெட்ரோல் விலை ஏறிய 2022-ல் பெட்ரோல் நிலையங்களில் நின்று இலவசமாக நிரப்பிக் கொடுத்துக் கார்களை மைல்கணக்கில் வரிசையில் நிறுத்தியவர்.) யூஜின் சாயரின் மகன் ரோடெரிக் சாயரும் நின்று அரை சதவீதத்துக்கும் குறைவாக வாங்கினார். வாலஸ் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்: குற்றம். காவலர் சங்கம் அவர் பக்கம். காவலர்களும் தீயணைப்பாளர்களும் நகர எல்லைக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்ற விதியால் அவர்கள் கூட்டமாக வாழும் வடமேற்கு மூலையும், தென்மேற்கில் மவுண்ட் கிரீன்வுட்டும் அவருக்குக் கொட்டின. ஏரிக்கரை ஓரம் பணக்காரக் குடியிருப்புகளும் நகர மையமும் சேர்ந்துகொண்டன.

பழைய விதி இருந்திருந்தால், முதலில் வந்தவரே வெற்றி என்பதால், வாலஸ் பிப்ரவரியிலேயே ஜெயித்திருப்பார். 1983-ஐத் தடுக்கப் போட்ட வேலி, 1983-க்கு நேர்மாறான ஒரு முடிவைத் தடுத்தது.

ஆனாலும் விதி கதவைத்தான் திறந்துவிட்டது. உள்ளே நடந்தது ஓட்டுச் சேகரிப்பு. முதல் சுற்றில் ஜான்சன் முன்னிலை பெற்ற இடங்கள் லோகன் ஸ்கொயர் போன்ற இளைஞர் பகுதிகளும் வடக்கே ரோஜர்ஸ் பார்க் பக்கமும்தான். மேற்குப் பகுதியில் ஆஸ்டின் என்ற கறுப்பினக் குடியிருப்பில் வாழும் கறுப்பின ஆசிரியர் அவர். ஆனாலும் தெற்கு, மேற்குக் கறுப்பின வார்டுகளில் பெரும்பாலானவை பிப்ரவரியில் லைட்ஃபுட்டுக்குத்தான் முதலிடம் தந்தன. அந்த ஓட்டு அப்படியே ஜான்சனுக்கு வந்துவிடும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த வார்டுகளில் வயதானவர்கள் அதிகம். குற்றத்துக்கு முதலில் பலியாகிறவர்களும் அவர்களே. காவல்துறைக்குப் பணத்தைக் குறைப்பதை ஆதரித்து 2020-ல் வானொலியில் ஜான்சன் பேசியது வாலஸின் விளம்பரங்களில் ஓயாமல் ஒலித்தது. வில்லி வில்சன் வாலஸை ஆதரித்தார். இருபது ஆண்டுக்கும் மேல் மாநிலச் செயலாளராக இருந்து கறுப்பின மக்களிடம் பெரும் மரியாதை பெற்ற ஜெஸ்ஸி ஒயிட்டும் வாலஸ் பக்கம். மூத்த டெமாக்ரடிக் செனட்டர் டிக் டர்பினும் அங்கேதான். ஜான்சன் பக்கம் கார்சியா, பிரெக்விங்கிள், கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன், வெளியிலிருந்து இடதுசாரிச் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ். லைட்ஃபுட் யாரையும் ஆதரிக்கவில்லை.

ஜாக்சன் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1984-ல் அதிபர் வேட்பாளராக முயன்றபோது, தென் மாநிலங்களில் உள்தேர்தல் இரண்டாம் சுற்றை ஒழிக்க வேண்டும், அது கறுப்பின வேட்பாளர்களை வடிகட்டும் சல்லடை என்று கட்சி மாநாடு வரை போராடியவர் அவர்.

ஜான்சன் தரப்பு கையில் எடுத்த ஆயுதம் ஒரு பழைய தொலைக்காட்சிப் பேட்டி. 2009-ல் வாலஸ், தான் டெமாக்ரட் என்பதைவிட ரிபப்ளிகன், அதாவது குடியரசுக் கட்சிக்காரர், என்று சொல்லியிருந்தார். அந்தச் சில விநாடிகள் நகரமெங்கும் ஓடின. தான் வாழ்நாள் முழுக்க டெமாக்ரட் என்று வாலஸ் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. கட்சியே இல்லாத தேர்தலில், யாருக்கு எந்தக் கட்சி என்பதே கடைசி வாரங்களின் பெரிய சண்டை. 2020-ல் பைடனுக்கு 80 சதவீதத்துக்கு மேல் போட்ட நகரம் இது. சீட்டில் கட்சிப் பெயர் இல்லாததால் அந்தத் தகவலுக்கு விலை கூடியது. அச்சடித்திருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள், இல்லாததால் விளம்பரம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. கட்சிக்குப் பதில் இரண்டு சங்கங்கள் கட்சி வேலையைப் பார்த்தன: வீடு வீடாகப் போக ஆளும் பணமும் ஜான்சனுக்கு ஆசிரியர் சங்கமும் சேவைத் துறை ஊழியர் சங்கமும் தந்தன, வாலஸுக்குக் காவலர் சங்கத்தின் முத்திரையும், அதைவிடக் கனமான தொழிலதிபர் பணமும் இருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சீர்திருத்தவாதிகள் நகராட்சித் தேர்தலிலிருந்து கட்சியை அகற்றச் சொன்னதற்குக் காரணம், டேலி நடத்தியது போன்ற வார்டு இயந்திரங்கள்தான். குப்பை அள்ளுவதில் கட்சி எதற்கு என்பது அவர்கள் வாதம். சிகாகோ அதைக் கேட்டது கட்சி இயந்திரம் தேய்ந்துபோன பிறகு. கட்சி விட்டுப்போன இடத்தில் சங்கமும் பணக்கார நன்கொடையாளர்களும் உட்கார்ந்தார்கள். இதில் எது மேல் என்று என்னைக் கேட்டால், கட்சிக்காரனைத் தோற்கடிக்க அடுத்த தேர்தலிலாவது ஒரு வழி உண்டு என்பேன்.

ஏப்ரல் 4 எண்ணிக்கையைப் பாருங்கள். வாலஸ் பிப்ரவரியில் வாங்கியது ஏறக்குறைய 1 லட்சத்து 85 ஆயிரம்; ஏப்ரலில் 2 லட்சத்து 93 ஆயிரம். ஜான்சன் 1 லட்சத்து 22 ஆயிரத்திலிருந்து 3 லட்சத்து 19 ஆயிரத்துக்குப் போனார். அதாவது வாலஸ் புதிதாகச் சேர்த்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஜான்சன் சேர்த்தார். கறுப்பின வார்டுகள் பத்துக்கு எட்டு என்ற அளவில் அவருக்குப் போட்டன. வில்சனின் சொல்லும் ஒயிட்டின் சொல்லும் அங்கே எடுபடவில்லை. லத்தீன் வார்டுகள் இரண்டாகப் பிளந்தன. வாக்குப்பதிவு 2019 போல இறங்காமல் 36-லிருந்து 39 சதவீதத்தை நெருங்கியது. இளைஞர்கள் முதல் சுற்றைவிட அதிகமாக வந்தார்கள். வாலஸ் முதல் சுற்றிலேயே தன் ஆதரவாளர்களை ஏறக்குறைய முழுதாகத் திரட்டிவிட்டவர். அதற்கு மேல் ஏற அவருக்குப் படி குறைவாக இருந்தது. முதல் சுற்று தீவிர ஆதரவாளர் எத்தனை பேர் என்று எண்ணுகிறது, இரண்டாம் சுற்று பொறுத்துக்கொள்ளக் கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுகிறது. இரண்டும் வேறு வேறு பரீட்சைகள். இரண்டையும் ஒரே ஆள் எழுத வேண்டும்.

2019-ல் லைட்ஃபுட்டுக்கு நடந்தது ஜான்சனுக்கு இன்னும் சீக்கிரமாகவே நடக்கத் தொடங்கியது. அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் பதிவுசெய்த வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர். பதவியேற்ற ஓராண்டுக்குள், 2024 மார்ச்சில், விலை உயர்ந்த சொத்து விற்பனைக்கு வரி கூட்டி வீடற்றோருக்குச் செலவிடும் அவரது திட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் நகரம் நிராகரித்தது. அதே ஆண்டு நவம்பரில் 30 கோடி டாலர் சொத்து வரி உயர்வை முன்வைத்தபோது நகரமன்றம் 50-0 என்று தள்ளியது. அவரது நெருங்கிய ஆதரவாளர்களும் அந்த ஐம்பதில் அடக்கம்.

மாற்று இல்லாமல் இல்லை. சான் பிரான்சிஸ்கோவும் ஓக்லாந்தும் மேயர் தேர்தலை ஒரே நாளில் முடிக்கின்றன. வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுவார், கடைசி இடத்தவர் நீக்கப்பட்டு அவரது ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். நியூயார்க் 2021 முதல் உள்தேர்தலில் இதைச் செய்கிறது. சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டன் நகர மக்களே 2022-ல் வாக்கெடுப்பு வைத்து இந்த முறையை ஆதரித்தார்கள். 14 பேர் நின்று 17 சதவீதக்காரர் முன்னேறும் 2019 போன்ற குலுக்கல் இதில் குறையும். ஆனால் அந்த ஐந்து வாரம் போய்விடும். அந்த ஐந்து வாரத்தில்தான் வாலஸும் ஜான்சனும் மேடை மேடையாக நேருக்கு நேர் நின்றார்கள், பழைய பேட்டிகள் வெளியே வந்தன, பிப்ரவரியில் ஜான்சனின் பெயரைக்கூடச் சரியாகத் தெரியாதிருந்த வார்டுகள் அவரை எடைபோட்டன. விருப்ப வரிசையில் அந்த எடைபோடல் முதல் நாளே, ஒன்பது பேர் குறித்தும், வாக்காளர் தலையில் முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த முதல் சுற்று 2027 பிப்ரவரி 23 அன்று. யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால் ஏப்ரல் 6 அன்று மறுபடி. இமானுவேல் 2011-ல் வாங்கியதற்குப் பிறகு முதல் சுற்றில் பாதியைத் தொட்ட சிகாகோ மேயர் வேட்பாளர் யாரும் இல்லை.